கொங்கு நாட்டுப் பட்டறைகளில் வெளிநாட்டுச் சாமான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணபதியில் லேத் போட்டிருப்பவர், பல்லடத்துத் தறி மெக்கானிக், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர் என்று யார் டூல்ஸ் கடைக்கு வந்தாலும் பேச்சு ஒரு கட்டத்தில் இங்கேதான் வந்து நிற்கும். "அந்தக் காலத்துச் சாமான் மாதிரி இப்ப எங்கீங்க வருது?" என்று ஆரம்பித்து, "எல்லாம் சைனாக்காரன் வந்து கெடுத்தது" என்று முடிப்பார்கள். பாதி சரி, பாதி தப்பு. கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வாயால் சொல்லிவந்த பதில்களைக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

சரியா எந்த வருஷத்துலீங்க இந்த வெளிநாட்டுச் சாமான் குவிய ஆரம்பிச்சுது?

ஒரே ஒரு வருஷம்தான் வேண்டும் என்றால் 2001 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1991-ல் தாராளமயம் வந்ததுமே கதவு திறந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அன்றைக்குச் சுங்கவரியின் உச்ச விகிதம் 150 சதவீதம். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் இறங்கி 2007-ல்தான் அது 10 சதவீதத்துக்கு வந்தது. வரி போதாதென்று நுகர்பொருள்கள் பலவற்றுக்கு எவ்வளவு இறக்கலாம் என்ற அளவுக் கட்டுப்பாடும் இருந்தது. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குக் கொண்டுபோன வழக்கில் நம் பக்கம் தோற்றது. அதன் பிறகு 2000 ஏப்ரல் 1-ல் 714 பொருள்களுக்கும், 2001 ஏப்ரல் 1-ல் மிச்சமிருந்த 715 பொருள்களுக்கும் கட்டுப்பாடு நீங்கியது. அதே 2001 டிசம்பர் 11-ல் சீனா அந்த அமைப்பில் சேர்ந்தது. இந்த மூன்றும் ஒன்றாகக் கூடியதால்தான் 2001 என்கிறேன்.

ஆனால் பட்டறை அலமாரியைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு காலம். அளவெடுக்கும் கருவிகளில் ஜப்பான் 80-களிலேயே உட்கார்ந்துவிட்டது. டிரில்லிங் மெஷின், ஹேண்ட் கிரைண்டர் எல்லாம் 2000-க்குப் பிறகு. வெல்டிங் செட் அதற்கும் பிறகு. பேட்டரி மெஷின்கள் நேற்று வந்தவை. ஸ்பேனரும் அரமும் இன்றுவரை பெரும்பாலும் இந்தியச் சரக்குதான். எந்தச் சாமான் என்று சொல்லாமல் எந்த வருஷம் என்று கேட்டால் இதற்கு மேல் பதில் கிடையாது.

அதுக்கு முன்னாடி எல்லாமே நம்ம நாட்டுச் சரக்குதானுங்களே?

இல்லை. கோயம்புத்தூரில் 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்த காலத்தில் நூற்பு இயந்திரம் முதல் அதைக் கழற்றும் ஸ்பேனர் வரை கப்பலில் வந்த சரக்குதான். லங்காஷயர் இயந்திரம், ஷெஃபீல்டு வைஸ், இங்கிலீஷ் மைக்ரோமீட்டர். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகியபோது, அவற்றைப் பழுது பார்க்கக் கிளம்பிய பட்டறைகள்தான் பின்னால் பம்ப், மோட்டார், ஜவுளி இயந்திரம் என்று விரிந்தன. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மோட்டார் செய்தார்கள். பி.எஸ்.ஜி. லேத் நம் ஊரிலேயே தயாரானது.

உள்நாட்டுச் சரக்கின் காலம் என்று நாம் சொல்வது 50-களின் கடைசியில் அன்னியச் செலாவணி வறண்டு, இறக்குமதிக்கு லைசென்ஸ் கெடுபிடி வந்த பிறகுதான் உண்மையில் தொடங்குகிறது. ஸ்பேனர், பிளையர் செய்யும் டபாரியா 1969-ல் சுவீடன் கூட்டோடு வந்து நாசிக்கில் காலூன்றியது. அரம் என்றால் ஜே.கே., டிரில் பிட் என்றால் சென்னை அடிசன், மிராண்டா, ஐ.டி.எம். கரண்டில் ஓடும் டிரில்லிங் மெஷின் என்றால் பம்பாயின் ராலிவுல்ஃப், கோலாப்பூர்ப் பக்கத்து கே.பி.டி. பெரிய லேத் என்றால் பெங்களூர் எச்.எம்.டி., ஹரிஹர் கிர்லோஸ்கர். சரக்கு பம்பாய் நாக்தேவி தெருவிலிருந்தும் ஜலந்தரிலிருந்தும் லாரியில் வந்து இறங்கும்.

கணக்குப் பார்த்தால் இந்தக் காலம் சுமார் 40 வருஷம். அதுவும் கதவைச் சாத்தி வைத்திருந்த 40 வருஷம். அப்போது வந்த சரக்கில் நல்லது நிறைய இருந்தது, வேறு கிடைக்காததால் ஓடியதும் நிறைய இருந்தது. மழுங்கின மோசமான ஸ்க்ரூடிரைவரை யாரும் எடுத்து வைக்கவில்லை. தாத்தா காலத்து நல்ல சாமான் மட்டும்தான் இன்றைக்கு நம் கையில் மிஞ்சியிருக்கிறது. அதை வைத்து அந்தக் காலத்தையே எடை போடுகிறோம்.

ஜப்பான் சாமான் சைனாவுக்கு ரொம்ப முந்தியே வந்துதுங்களே?

வந்தது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்கள் பெட்டியில் கொண்டுவந்தார்கள். சென்னை பர்மா பஜாருக்கு ஆள் அனுப்பி வாங்கியவர்களும் உண்டு. ஆனால் கோவைப் பட்டறைகளில் ஜப்பானுக்கு மரியாதை வாங்கித் தந்தது மிட்டுடோயோ. 1934-ல் தொடங்கிய கம்பெனி, மைக்ரோமீட்டரில் ஆரம்பித்தது. மில்லுக்கும் பம்புக்கும் பாகம் செய்துகொண்டிருந்தவர்கள் 80-களில் வாகன உதிரிப்பாகத்துக்கு மாறியபோது, பார்ட்டி அனுப்பும் டிராயிங்கில் நூறில் ஒரு மில்லிமீட்டர் கேட்டார்கள். அங்கேதான் விட்டமும் தடிமனும் அளக்கும் ஜப்பான் வெர்னியர் காலிபர் உள்ளே வந்தது. இங்கே விலை ஒரு பொருட்டே இல்லை. உள்நாட்டு வெர்னியரைவிட அது பல மடங்கு விலை. டர்னர்கள் அதைத் துணியில் சுற்றிப் பூட்டி வைப்பார்கள், வேறு யாரையும் தொட விடமாட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், போர் முடிந்த காலத்தில் அமெரிக்காவில் ஜப்பான் சாமான் என்றாலே மட்டச் சரக்கு என்று அர்த்தம். 1947 முதல் 1952 வரை 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற முத்திரையோடு போன பொருள்கள் அவை. பிறகு ஜப்பான் மேலே ஏறியதும் கீழ்ப்படிக்குத் தைவான் வந்தது. தைவான் ஏறியதும் சீனா வந்தது. இன்று டிரில் சக், மெஷின் வைஸ் வாங்க வருகிறவர்கள் "தைவான் இருக்குங்களா?" என்று தேடிக் கேட்கிறார்கள்.

அமெரிக்கக்காரன் "ஆசியச் சரக்கு வந்து எங்கள் தொழிலை அழித்தது" என்று புலம்பும்போது அந்தப் பட்டியலில் நாமும் இருக்கிறோம். ஜலந்தர், லூதியானா ஸ்பேனரும் பிளையரும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏறிப் பல வருஷம் ஆகிறது.

இத்தன பவுண்டரி, இத்தன லேத் இருக்கிற ஊர்ல ஒரு டிரில்லிங் மெஷின் செய்ய முடியலையாங்க?

அடிக்கடி கோபமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பதிலும் கொஞ்சம் நீளம்.

நம் ஊரின் கை எதில் தேர்ந்தது என்று பாருங்கள்: வார்ப்பு, இண்டக்‌ஷன் மோட்டார், பம்ப், கம்ப்ரஸர், வெட் கிரைண்டர், ஸ்பின்னிங் இயந்திரம். எல்லாம் தரையில் உட்கார்ந்து 1,440 சுற்றிலோ 2,880 சுற்றிலோ வருஷக்கணக்கில் ஓடுகிறவை. கையில் பிடிக்கும் கிரைண்டர் வேறு ஜாதி. அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர் எல்லாம் உண்டு. நிமிஷத்துக்குப் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் சுற்று. உடம்பு பிளாஸ்டிக் அச்சில் வார்த்தது, தலை அலுமினிய டை காஸ்டிங். ஒரு அச்சுக்குப் போடும் காசு லட்சக்கணக்கில் மெஷின் விற்றால்தான் திரும்பும். 90-களின் இந்தியாவில் அத்தனை டிரில்லிங் மெஷின் யாருக்கு வேண்டியிருந்தது? தச்சருக்குக் கை துரப்பணம் போதும், கட்டடக்காரருக்கு உளியும் சுத்தியலும் போதும்.

அதே நேரத்தில் சீனாவில் ஜியாங்சு மாகாணத்துச் சிடோங்கிலும், ஜெஜியாங் மாகாணத்து யோங்காங்கிலும் ஊர் முழுக்க இதே தொழில். ஒரு தெருவில் மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர், அடுத்த தெருவில் கியர், அதற்கடுத்ததில் ஸ்விட்ச். ஆர்டர் உலகம் முழுவதிலிருந்தும். கையில் பிடிக்கும் மெஷினுக்கு அப்படி ஒரு ஊர் இந்தியாவில் அமையவே இல்லை. கேன்டன் கண்காட்சிக்குப் போய் வந்த நம் ஊர் வியாபாரிகள் அங்கே பார்த்த விலையில் இங்கே கச்சாப் பொருள்கூட வாங்க முடியாது என்று தெரிந்துகொண்டு, செய்வதைவிடக் கன்டெய்னர் இறக்குவது மேல் என்று முடிவு கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

2025 ஏப்ரலில் நிதி ஆயோக் இதைப் பற்றி ஓர் அறிக்கையே போட்டது. உலகக் கைக்கருவி ஏற்றுமதியில் சீனாவின் பங்கு ஏறத்தாழ 50 சதவீதம், நமக்கு 1.8 சதவீதம். மின்கருவியில் சீனா 40 சதவீதத்துக்கு அருகில், நாம் 0.7 சதவீதம். ஸ்டீல், பிளாஸ்டிக், மோட்டார் விலையும் வட்டியும் போக்குவரத்தும் சேர்ந்து சீனாவைவிட நமக்கு 14 முதல் 17 சதவீதம் செலவு கூடுதல் என்கிறது அந்த அறிக்கை.

இதோடு 2008-க்குப் பிந்தைய மின்வெட்டையும் மறக்கக் கூடாது. 2012-ல் சென்னைக்கு வெளியே பகலில் கரண்ட் இருந்த நேரத்தை எண்ணிவிடலாம். டீசல் ஊற்றி ஜெனரேட்டரில் லேத் ஓட்டியவர் புதிதாக ஒரு பொருளை யோசிக்கவா செய்வார்? வந்த ஜாப் ஒர்க்கை முடித்துக் கொடுப்பதே பெரிய பாடு.

இன்னொன்றும் உண்டு, இங்கே யாருக்கும் சொல்லப் பிடிக்காது. கோவை லேத்தையும் கோவை மோனோபிளாக் பம்பையும் விலையில் முதலில் அடித்தவர்கள் சீனாக்காரர்கள் அல்ல. குஜராத்தின் ராஜ்கோட்டும் பஞ்சாபின் பட்டாலாவும் அதற்கு முன்பே அந்த வேலையை ஆரம்பித்துவிட்டன.

அப்ப ஸ்பேனரும் பிளையரும் எப்படித் தப்பிச்சுது?

ஸ்பேனரில் மறைக்க ஒன்றும் இல்லை. நல்ல ஸ்டீலைக் காய்ச்சி அடித்து, சரியாகப் பதம் வைத்தால் முடிந்தது. அந்த வேலை பஞ்சாபுக்கும் நாசிக்குக்கும் அத்துபடி. விலையும் நியாயம். 16-17 ஸ்பேனரின் வாய் விரிந்துபோனால் நட்டின் மூலை உருண்டுவிடும். ஒருமுறை உருண்டால் அந்த பிராண்டை மெக்கானிக் ஜென்மத்துக்கும் தொடமாட்டார். ஆகவே பேர் தெரிந்த சரக்குக்குத்தான் மதிப்பு.

பெட்டியோடு வரும் சாக்கெட் செட் மட்டும் கைவிட்டுப் போய்விட்டது. 46 பீஸ், 108 பீஸ் என்று பிளாஸ்டிக் பெட்டியில் பளபளவென்று வருவது ஏறக்குறைய எல்லாமே சீனா, கொஞ்சம் தைவான். வீட்டுக்கும் பைக்குக்கும் போதும். சங்ககிரியில் லாரி வீல் நட்டுக்கு அதைப் போட்டு மிதிக்காதீர்கள்.

பழைய மெஷினையும் புதுசையும் பிரிச்சா உள்ள என்னதாங்க வித்தியாசம்?

ஏதாவது ஒரு காயில் கட்டும் கடையில் ஒரு மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும். நாலு இஞ்ச் ஹேண்ட் கிரைண்டர் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரிப்போம்.

பழையது உலோக உடம்பு, எர்த் வயரோடு மூன்று கம்பி, தூக்கினால் கை கனக்கும். ஆர்மேச்சரை வெளியே எடுத்தால் இரண்டு முனையிலும் பால் பேரிங், நம்பர் தெளிவாகப் பொறித்திருக்கும். செம்புக் கம்பி, அதன்மேல் வார்னிஷ் கெட்டியாக இறங்கியிருக்கும். கம்யூட்டேட்டரின் செம்புத் துண்டுகளுக்கு நடுவில் காடி வெட்டிச் சுத்தமாக இருக்கும். கியர் பெட்டியில் கிரீஸ் நிறைந்திருக்கும்.

அடிமட்ட விலைப் புதியதில் முதலில் கையில் தட்டுவது எடைக் குறைவு. கம்பியைச் சுரண்டினால் செம்பு நிறப் பூச்சுக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம் தெரியும். அலுமினியக் கம்பி அதே கரண்டுக்குச் செம்பைவிடச் சூடாகும், சாலிடரும் பிடிக்காது. ஒரு முனையில் பேரிங்குக்குப் பதில் புஷ் போட்டு முடித்திருப்பார்கள். கியர் உலோகப் பொடியை அழுத்திச் செய்தது. டிஸ்க் கல்லில் மாட்டி ஒருமுறை நின்றால் பல் போய்விடும். வெளியே வரும் ஒயர் ரப்பர் அல்ல, பிவிசி. வெயிலில் விறைத்து, கழுத்துப் பக்கம் வெடிக்கும்.

இதைப் படித்துவிட்டு எல்லாச் சீன மெஷினும் இப்படித்தான் என்று முடிவு கட்டாதீர்கள். டாங்செங் கம்பெனி சிடோங்கைச் சேர்ந்தது. நம் கட்டடக்காரர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள், ஸ்பேரும் கிடைக்கிறது. ஜப்பானின் மகிட்டாவுக்கும் ஜெர்மனியின் பாஷுக்குமே சீனாவில் ஆலை உண்டு. சீனாவில் 'என்ன விலைக்கு வேண்டும்?' என்று கேட்டுத்தான் செய்து தருகிறார்கள். அந்த விலையைச் சொன்னது யார் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வெல்டிங் செட்டுக்கு என்னாச்சு?

என்னைக் கேட்டால் நம் பக்கத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான். ஆனால் யாரும் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

கோவையில் டிரான்ஸ்பார்மர் வெல்டிங் செட் சுற்றிக் கொடுக்கும் பட்டறைகள் ஏராளமாக இருந்தன. செம்பு காயில், ஆயில் கூலிங், சக்கரம் வைத்த வண்டி, நூறு கிலோவுக்கு மேல். கேட் வேலைக்கு எடுத்துப் போக வேண்டுமென்றால் டெம்போவும் நாலு ஆளும் வேண்டும். இரண்டு பேஸ் இழுக்க வேண்டும். ஆர்க் பிடித்ததும் பக்கத்து வீட்டு விளக்கு மங்கும்.

இன்வெர்ட்டர் செட்டில் 50 ஹெர்ட்ஸ் கரண்டை ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸாக மாற்றிவிட்டு அப்புறம் டிரான்ஸ்பார்மருக்குக் கொடுக்கிறார்கள். அதிர்வெண் கூடினால் இரும்புக் கோர் சிறிதாகிவிடும். எடை ஐந்து, எட்டு கிலோ. சிங்கிள் பேஸ் போதும். தோளில் மாட்டிக்கொண்டு ஷெட்டின் மேலே ஏறிக் கூரைச் சட்டங்களுக்கு வெல்டிங் செய்யலாம். மின்வெட்டுக் காலத்தில் சின்ன ஜெனரேட்டரிலேயே ஓட்டலாம் என்பதால் அது இன்னும் வேகமாகப் பரவியது. அதன் சர்க்யூட் கார்டு சீனாவிலிருந்து வந்தது.

சுற்றிக் கொடுத்தவர்களில் சிலர் கார்டு வாங்கி இங்கே அசெம்பிள் செய்கிறார்கள். பலர் மோட்டார் காயிலோடு நின்றுவிட்டார்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். பெட்டியில் 200 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதை நம்பாமல் டியூட்டி சைக்கிளைக் கேளுங்கள். 60 சதவீதம் என்றால் அந்த ஆம்பியரில் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் ஓடும், நாலு நிமிஷம் ஆற வேண்டும். இரண்டாவது, செட்டைக் கிரைண்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஃபேன் இரும்புத் தூசியை இழுத்து கார்டின்மேல் படிய வைக்கும். பழுதுக்கு வரும் செட்டைத் திறந்தால் பெரும்பாலும் கறுப்புத் தூசிதான் கொட்டுகிறது.

பெட்டில இந்தியப் பேரு இருக்கு. அப்ப இந்தியச் சாமான்தானுங்களே?

பேருக்கும் பிறப்புக்கும் சம்பந்தம் இல்லை. டெல்லியிலோ சென்னையிலோ பேர் பதிந்து, சீனாவில் செய்து, இங்கே விற்கும் பிராண்டுகள் நிறைய. ஒரே கம்பெனியின் மெஷினிலேயே ஒன்று சீனாவில், ஒன்று மலேசியாவில், ஒன்று நம் ஒரகடத்தில் செய்தது என்று வரும்.

890-ல் தொடங்கும் பார்கோடு இருந்தால் இந்தியச் சரக்கு என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அந்த எண் பார்கோடு இந்தியாவில் பதிவானது என்பதை மட்டும்தான் சொல்லும். சரக்கு எங்கே தயாரானது என்று சொல்லாது. ஸ்டிக்கரைப் படியுங்கள். எடையளவுச் சட்டத்தின் பொட்டலப் பொருள் விதிகள்படி, இறக்குமதிப் பொருள் என்றால் எந்த நாட்டுச் சரக்கு, இறக்குமதி செய்தவர் பேர் முகவரி, மாதம் வருஷம், அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் இருந்தாக வேண்டும். 'மார்க்கெட்டட் பை' என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு, நாட்டின் பேரைப் பொடி எழுத்தில் மூலையில் வைத்திருப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

சைனா வெர்னியர் வாங்கலாமுங்களா?

வாங்கலாம், சோதித்து வாங்குங்கள். டிஜிட்டல் காலிபரில் 0.01 மி.மீ. காட்டுகிறது என்றால் அத்தனை துல்லியம் என்று அர்த்தமல்ல. சாதாரணமாக 0.02, 0.03 கூடக் குறைய இருக்கும் என்று கம்பெனியே ஒத்துக்கொள்கிறது.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை: காலிபரின் வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். நடுவில் வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. பத்து தடவை திறந்து மூடினால் பத்து தடவையும் பூஜ்யம் வர வேண்டும். பிறகு நல்ல கம்பெனியின் புது 6204 பேரிங் ஒன்று கேளுங்கள். மோட்டார் ஊரில் அதற்கா பஞ்சம்? உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ. பேரிங்கின் அளவு மைக்ரான் கணக்கில் பிடித்தது, காலிபரை அதற்கு முன்னால் தாராளமாக நிறுத்தலாம். வெளி வாயில் 47-ம் உள் வாயில் 20-ம் சரியாக வந்தால் வாங்குங்கள். உள் வாய்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

விலை மலிந்தவற்றில் ஆஃப் செய்தாலும் உள்ளே சென்சார் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் காலிபர் ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம்.

டிரில் பிட் தங்கக் கலர்ல இருந்தா நல்லதுங்களா?

கலரைப் பார்த்து வாங்குவது நகைக்கடையோடு போகட்டும். டைட்டானியம் நைட்ரைடு பூச்சு நல்ல பூச்சுதான், ஆனால் ஒருமுறை சாணை பிடித்ததும் முனையில் போய்விடும். அடியில் இருக்கும் ஸ்டீல்தான் முக்கியம். எம்2 என்ற ஹைஸ்பீடு ஸ்டீல் ரகத்தில் டங்ஸ்டன் 6, மாலிப்டினம் 5 சதவீதம். எம்35 என்றால் கோபால்ட் 5 சதவீதம் கூட. மலிவுச் சீன பிட்டுகளில் 4341 என்று ஒன்று ஓடுகிறது, சத்துக் குறைந்த வகை. மரத்துக்கும் மைல்டு ஸ்டீலுக்கும் சரி, ஸ்டெயின்லெஸ்ஸில் வைத்தால் நீலம் பாய்ந்து அமர்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் கல்லில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஹைஸ்பீடு ஸ்டீல் மங்கலான சிவப்பில் கொஞ்சமாகப் பொறி விடும். மத்தாப்பு மாதிரி வெள்ளையாக வெடித்தால் அது வெறும் கார்பன் ஸ்டீல்.

48 வோல்ட், 88 வோல்ட்னு பேட்டரி மெஷின் போட்டிருக்கே?

'48விஎஃப்', '88விஎஃப்' என்று இருக்கும், நன்றாகப் பாருங்கள். அது வோல்ட் அல்ல, மாடல் பேர் மாதிரி ஒட்டிய எழுத்து. உள்ளே பெரும்பாலும் ஐந்து லித்தியம் செல். ஒரு செல் 3.6 வோல்ட் என்று கணக்குப் போட்டால் 18, முழுச் சார்ஜில் 4.2 என்று போட்டால் 21. பதினெட்டு, இருபது, இருபத்தொன்று மூன்றும் ஒரே பேட்டரியின் மூன்று பேர்.

திருப்பூர், சோமனூர் பக்கமெல்லாம் எப்படிங்க?

அது தனிக்கதை. தையலில் ஜப்பானின் ஜூகி, பிறகு தைவானின் சிருபா, பிறகு சீனாவின் ஜேக் என்று அதே ஏணிதான். நிட்டிங்கில் தைவான் நிலையாக நிற்கிறது. விசைத்தறியில் நாடா இல்லாத சீன ரேப்பியர் தறிகள் வந்தாலும், அவற்றுக்கு வேண்டிய உதிரிப்பாகத்தை நம் லேத்துகளே செய்யக் கற்றுக்கொண்டன. வந்த மெஷினைப் பார்த்துப் பாகம் செய்வதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

இறக்குமதியை நிறுத்திட்டா நம்ம ஆளுக பொழச்சுக்குவாங்களா?

ஒரு உதாரணம் இருக்கிறது. 2020 ஜூலையில் பவர் டில்லர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டது. உள்நாட்டில் தேர்ந்த தயாரிப்பாளர்கள் ஏற்கெனவே இருந்ததால் அங்கே அது செல்லுபடியானது. செய்ய ஆளே இல்லாத பொருளில் கதவைச் சாத்தினால் விலை ஏறும், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். உலக டங்ஸ்டனில் ஐந்தில் நாலு பங்கு சீனாவில் எடுக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் அதன் ஏற்றுமதிக்கு அவர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். லேத்தில் வெட்டும் முனையாகப் போடும் கார்பைடு இன்செர்ட் டங்ஸ்டனில் செய்தது. இன்செர்ட் பெட்டியின்மேல் எந்த நாட்டுப் பேர் இருந்தாலும் மூலப்பொருளுக்குப் பெரும்பாலும் அங்கே போய்த்தான் நிற்க வேண்டும்.

சைனா தொடாத சாமான் ஏதாச்சும் இருக்குங்களா?

கொல்லுப்பட்டறைச் சாமான். களைக்கொத்து, அரிவாள், கடப்பாரை. பழைய லாரிப் பட்டையை வெட்டி அடிக்கும் அரிவாளின் பதம் ஊருக்கு ஊர் வேறு. தேங்காய் வெட்டுகிறவர் பொள்ளாச்சியில் கேட்கும் வளைவை ஈரோட்டில் கேட்கமாட்டார். கன்டெய்னர் கணக்கில் செய்கிறவருக்கு இந்த வியாபாரம் கட்டுப்படி ஆகாது. கொத்தனார் கரண்டியும் தூக்குக்குண்டும் ஓரளவு நிற்கின்றன. ரசமட்டம் போய்விட்டது.

உக்கடத்துல பழைய சாமான் வாங்கலாமுங்களா? எதப் பாத்து வாங்கறது?

வைஸ், அன்வில், சர்ஃபேஸ் பிளேட், ஸ்பேனர், மெஷினிஸ்ட் மூலைமட்டம் இவை பழையதில் நன்றாகக் கிடைக்கும். வைஸைத் திருப்பி அடியைப் பாருங்கள், விரிசலை வெல்டிங் வைத்து பெயின்ட் பூசியிருப்பார்கள். வாயை முழுக்கத் திறந்து, முன் தாடையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கடகடவென்றால் நட்டு தேய்ந்தது. அதை மாற்றலாம், ஆனால் விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள்.

மைக்ரோமீட்டரை, அதன் திருகு முனைக்கு முனை ஒரே சீராகப் போகிறதா என்று மட்டும் பார்த்து எடுக்கலாம். பூஜ்யம் தவறியிருந்தால் சரி செய்துகொள்ளலாம். நடுவில் மட்டும் லூஸாகி ஓரத்தில் இறுகினால் திருகு தேய்ந்தது, வைத்துவிட்டு வாருங்கள். பழைய கரண்ட் மெஷினை மட்டும் ஸ்பேர் கிடைக்குமா என்று காயில் கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆர்மேச்சர் கட்டிவிடுவார்கள், உடைந்த கியருக்குத்தான் வழி இருக்காது.